நடு ஆட்டக்காரனின் நெஞ்சு

சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தேன். நர்ஸ் என் நெஞ்சில் சில்லென்று ஒரு பசையைத் தடவி ரப்பர் குமிழ்களை ஒட்டினார். கைகளிலும் கால்களிலும் துணி காயப்போடும் கிளிப் மாதிரி மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வரும் பீப் பீப் சத்தம். டெட்டால் வாசனையோடு மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது.

ஓரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் முதலுதவி அறை அது. வேலைக்கு எடுக்கும் முன் செய்கிற உடம்புப் பரிசோதனை. கண் பார்த்தாயிற்று, காது பார்த்தாயிற்று, உட்கார்ந்து எழச் சொன்னார்கள், எழுந்தாயிற்று. இந்த நெஞ்சுப் படம் ஒன்றுதான் பாக்கி. இது முடிந்தால் திங்கட்கிழமை யூனிபார்ம்.

பக்கத்திலிருந்த ஈ.சி.ஜி. பெட்டியிலிருந்து காகிதம் நெளிந்து நெளிந்து வந்தது. நர்ஸ் அதைப் பார்த்தார். கிளிப்புகளை அசைத்துப் பார்த்தார். இன்னொரு முறை எடுத்தார். பிறகு காகிதத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணா, உங்களுக்கு மயக்கம் எதுனா வருதா?"

"இல்லியேமா. காலைல இட்லி துன்னுட்டு தெம்பாத்தான் வந்தேன்."

அவர் உள்ளே போய் டாக்டரைக் கூட்டி வந்தார். மீசை சரியாக முளைக்காத சின்ன வயது டாக்டர். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார், ஸ்டெதாஸ்கோப் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

"இதயம் ரொம்ப மெதுவா துடிக்குது. பெருசாவும் தெரியுது. உள்ள கரண்ட் போற வழியில ஏதோ தடை இருக்கலாம். இப்ப நான் கையெழுத்து போட முடியாது. சென்னைல ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டி, பயமில்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

எழுந்து சட்டையை மாட்டினேன். நெஞ்சிலிருந்த பசை சட்டையில் ஒட்டிக்கொண்டது.

புதிதாக வந்தவர்களுக்கு

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் மூன்று பத்தி தாண்டிப் போகலாம். ஆனால் படித்தால் நஷ்டமில்லை.

பெயர் ஏகாம்பரம். ஊர் பிள்ளைப்பாக்கம். எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. ஆனால் கால் ஏறிய ஊர்களைச் சொன்னால் காலேஜ் படித்தவன் வாயைப் பிளப்பான். சென்னை லீக், கல்கத்தாச் சேறு, கோவாவின் செம்மண், பஞ்சாபில் ஒரு மில் டீம், சிக்கிமில் மூச்சு முட்டுகிற மலை மைதானம், மலப்புறத்தில் அறுவடை முடிந்த வயல்களில் ஏழு ஏழு பேராக மோதுகிற செவன்ஸ். எல்லா இடத்திலும் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினேன். எங்கேயும் இரண்டு சீசனுக்கு மேல் வைத்திருக்கவில்லை. என்னை வேண்டாம் என்று சொன்ன ஊரைவிட, வா என்று கூப்பிட்ட ஊர் எப்போதும் ஒன்று அதிகமாக இருந்தது. அதுதான் என் கணக்கு.

நான் ஆடியது நடுவில். கோல் போட்டவன் படம் பேப்பரில் வரும். அவன் காலுக்குப் பந்து போன வழி நான். எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்க வேண்டும், நிறுத்த வேண்டும், நிமிர்ந்து பார்க்க வேண்டும், கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு மறுபடி பின்னால் ஓட வேண்டும். முன்னால் ஆடுகிறவனுக்குப் பின்னால் ஓடுகிற வேலை இல்லை. பின்னால் ஆடுகிறவனுக்கு முன்னால் ஓடுகிற வேலை இல்லை. நடுவில் இருப்பவனுக்கு இரண்டும் உண்டு, பெயர் மட்டும் கிடையாது.

கல்கத்தாவில் ஒரு பயிற்சியாளர் என்னைத் திட்டிக்கொண்டே இருப்பார். நீ பந்தை ரொம்ப நேரம் வைத்திருக்கிறாய், அவசரம் என்பதே உனக்குத் தெரியவில்லை என்பார். நான் ஒரு கொடுப்புக் கொடுத்தால் அதை வாங்கினவன் திரும்பிப் பார்க்காமல் அடிக்கலாம். அப்படிக் கொடுக்க நேரம் எடுக்கும். அவர் அந்த சீசன் முடிந்ததும் என்னை அனுப்பிவிட்டார். அடுத்த சீசன் அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

அரிவாள் தழும்பு

கடைசியில் என் இடது முட்டிதான் ஆட்டத்தை நிறுத்தியது. கோவாவில் ஒரு தடியன் குறுக்கே காலை விட்டான். ஆபரேஷன் ஆனது. ஒரு வருஷம் நொண்டி, ஒரு வருஷம் செவன்ஸ், அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பினேன்.

நான் ஊரைவிட்டுப் போனபோது வேர்க்கடலை போட்ட இடங்களில் திரும்பி வந்தபோது கம்பெனி மதில் நின்றது. கம்பெனிப் பஸ்கள் ஊருக்குள் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போயின. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பந்து தவிர எனக்கு எந்த வேலையும் தெரியாது.

என் மச்சான் மூர்த்தி, அதாவது என் மனைவி செல்வியின் தம்பி, அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே மெஷின் லைனில் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். சூப்பர்வைசரிடம் சொல்லி என்னை உள்ளே நுழைத்தது அவன்தான். நுழைக்கும்போதே ஒரு வார்த்தை சொன்னான்.

"மாமா, பந்து ஆடினேன்னு மட்டும் வாயத் தொறக்காதே. பந்து ஆடுனவன்னா முட்டி போயிருக்கும்னு அவங்களுக்குத் தெரியும். ஷிப்ட் முழுக்க நின்னுகினு செய்ற வேலை. முட்டி போனவன எவன் எடுப்பான்?"

"கேட்டா இன்னா சொல்றது?"

"விவசாயம்னு சொல்லு. இங்க எல்லாரும் அதான் சொல்றான்."

அதனால்தான் டாக்டர் என் முட்டித் தழும்பைத் தடவிப் பார்த்து இது என்ன என்று கேட்டபோது, நெல் அறுக்கும்போது அரிவாள் பட்டது என்று சொன்னேன். நெற்கதிரை முட்டிக்கு மேலே வைத்து எவன் அறுப்பான்? அந்தப் பிள்ளைக்கு அது தெரியவில்லை. நம்பிவிட்டார். உட்கார்ந்து எழச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் தெரியாமல் எழுந்து காட்டினேன்.

முட்டியை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் அந்தக் கட்டிலில் படுத்தேன். நெஞ்சு காலை வாரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

முட்டைக் கூடை

மூர்த்தி என்னைப் பைக்கில் வீட்டுக்குக் கூட்டிப்போனான். சாதாரணமாக அவன் ஓட்டினால் பின்னால் இருப்பவன் சாமி கும்பிடுவான். அன்றைக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் பிரேக் போட்டு, இறங்கி, ஏறி, முட்டைக் கூடையைக் கொண்டுபோகிற மாதிரி ஓட்டினான். சைக்கிள்காரன் எங்களைத் தாண்டிப் போனான். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டால் நெஞ்சுக்கு ஆகாது என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

செல்வி விஷயத்தைக் கேட்டாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. என் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கித் தானே இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் அந்த வீட்டில் என்னை ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த விடவில்லை. படுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து என் நெஞ்சின் மேல் கை வைத்துப் பார்ப்பாள்.

"அடிக்குதா?" என்பேன்.

"இரு. அடுத்தது வரட்டும்."

அந்த அடுத்தது வருவதற்குள் அவள் முகம் மாறும். வந்ததும் மூச்சு விடுவாள். அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பயம் ஏறிக்கொண்டது. மைதானத்தில் என்னைவிட ஒன்றரை மடங்கு பருமன் உள்ளவன் பாய்ந்து வந்தாலும் கண்ணை மூடாதவன் நான். ஆனால் உள்ளே இருக்கிற ஒன்று நின்றுவிடும் என்றால் யாரை மறித்து நிற்பது?

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். என்னைக் கேட்காமல் வல்லக்கோட்டை முருகனுக்கு என் தலைமுடியை வேண்டிக்கொண்டாள்.

முடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்குப் பிடரி வரை முடி. ஓடும்போது பின்னால் பறக்கும். மலப்புறத்தில் கூட்டம் என் பெயர் தெரியாவிட்டாலும் முடியைச் சொல்லித்தான் கத்தும். முப்பத்தைந்து தாண்டியும் ஒரு நரை கிடையாது. இவள் தன் முடியை வேண்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

"எனக்கா நெஞ்சு நிக்குது?" என்றாள்.

கண்ணாடிக் கதவு

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி நாங்கள் மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். ஜன்னல் இருக்கையை எனக்குக் கொடுத்து, காற்று படட்டும் என்றார்கள். மூர்த்தி லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். வழியெல்லாம் ஒரே பாட்டு.

"மாமா, அங்கயும் விவசாயம்தான். அவங்க எழுதுற கடுதாசி கம்பெனிக்குத்தான் போவும்."

இதயத்துக்குப் பார்க்கும் அந்த டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த முடியை இழுத்து முடிந்திருந்தார். கம்பெனி கொடுத்த காகிதத்தைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், கால் வீங்குமா, மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"என்ன வேலை செய்றீங்க?"

"விவசாயம்மா."

"ஓட்டம், உடற்பயிற்சி, விளையாட்டு ஏதாவது உண்டா?"

மூர்த்தி என் முதுகுக்குப் பின்னால் செருமினான்.

"அதெல்லாம் இல்லிங்கமா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அப்படியென்றால் இதைச் சாதாரணமாக விடமுடியாது என்றார். அட்மிட் ஆக வேண்டும், தொடர்ந்து பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு மெஷின் வைக்க வேண்டும், அது கரண்ட் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைக்கும் என்றார். மெஷின் வைத்தவன் கம்பெனியில் மெஷின் பக்கத்தில் நிற்க முடியுமா என்று மூர்த்தி கேட்டான். அது கஷ்டம்தான் என்றார்.

எனக்கு உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் முட்டி வெளியே வரும், வேலை போகும். சொல்லாவிட்டால் மெஷின் உள்ளே போகும், வேலையும் போகும். பந்து காலில் இருக்கிறது, நான்கு பக்கமும் ஆள். கொடுக்க இடமில்லை.

செல்வி எழுந்து நின்றாள்.

"டாக்டரம்மா, இவரு பொய் சொல்றாரு. இவரு ஒரு நாளும் ஏர் புடிச்சதில்ல. எங்களுக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னேலேந்து பந்து ஆடறாரு. ஊர் ஊரா போய் ஆடுனாரு. தெனம் காலைலயும் ஓடுவாரு, சாயங்காலமும் ஓடுவாரு. முட்டி போய்தான் வூட்டுக்கு வந்தாரு. வேலை போனா போவட்டும். ஆளு இருந்தா போதும்."

மூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டான். டாக்டர் அம்மா மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு முதன்முறையாக என் கெண்டைக் காலைப் பார்த்தார். என்ன இடத்தில் ஆடினீர்கள் என்று கேட்டார். நடுவில் என்றேன். எத்தனை வருஷம் என்றார். சொன்னேன். அவர் உதட்டோரத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

அப்போதும் அவர் விட்டுவிடவில்லை. சிலருக்கு ஓடி ஓடி நெஞ்சு பெரிதாகும், சும்மா இருக்கும்போது மெதுவாகத்தான் துடிக்கும், அது நோய் இல்லை என்றார். ஆனால் அது உண்மையா என்று பார்க்க ஒரே வழி ஓடவைப்பது. ஓடும்போது துடிப்பு மேலே ஏறினால் அது ஆட்டக்காரன் நெஞ்சு. ஏறாமல் மந்தமாகவே நின்றால் மெஷின்.

பக்கத்து அறையில் டிரெட்மில் இருந்தது. நடுவில் கண்ணாடிக் கதவு. செல்வியையும் மூர்த்தியையும் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள்.

நான் ஆடிய கடைசி ஆட்டம்

உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிவிட்டு டெக்னீஷியன் மெஷினைப் போட்டான். பட்டை நகர்ந்தது. நடந்தேன். அவன் டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். வேகத்தைக் கூட்டினான், பட்டை முன்பக்கம் மேடேறியது.

எனக்கு வேர்க்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. என் வயசு ஆட்களுக்கு இந்நேரம் நுரை தள்ளும் என்று அவன் சொன்னான். பெருமையாக இருந்தது. ஆனால் டாக்டர் அம்மா திரையைக் காட்டி, துடிப்பு இன்னும் போதுமான அளவுக்கு ஏறவில்லை என்றார்.

இன்னும் கூட்டினான். ஓட ஆரம்பித்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. இந்த நெஞ்சு கல்கத்தாச் சேற்றிலும் சிக்கிம் மலையிலும் பழகின நெஞ்சு. இந்த ஓட்டம் அதற்குப் போதவில்லை. ஆனால் முட்டிக்கு இது அதிகம். உள்ளே மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. முட்டி முதலில் மடங்கினால் துடிப்பு ஏறியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மெஷின்தான்.

"சார், கால் இழுக்குது. நிறுத்திடட்டா?" என்றான்.

"ஏத்துப்பா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி இரண்டு கையையும் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என் ஆட்டத்தை ஒரு தடவையும் பார்த்ததில்லை. நான் ஆடியதெல்லாம் வெளியூர். இதுதான் முதல் தடவை. யோசித்துப் பாருங்கள், முதல் தடவை பார்க்க வந்தவள் முன்னால் விழலாமா?

பஞ்சாபில் ஒரு வித்தை கற்றிருந்தேன். ஒரு கால் நோகும்போது அந்தக் காலை நினைக்கக் கூடாது. கையை வேகமாக வீச வேண்டும். கை போகிற வேகத்துக்குக் கால் தானாக வரும். வீசினேன். முடி பின்னால் பறந்தது. இப்போது வேர்வை கொட்டியது. காதுக்குள் தடதடவென்று கேட்டது. ரொம்ப நாளாகக் கேட்காத சத்தம். கடைசி நிமிஷங்களில், பந்துக்காகப் பாதி மைதானம் திரும்பி ஓடும்போது கேட்கிற அதே சத்தம்.

"ஏறுது," என்றார் டாக்டர் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "நல்லாவே ஏறுது. போதும், நிறுத்து."

பட்டை நின்றது. முட்டி நிற்கவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். செல்வி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் நெஞ்சைப் பிடித்தாள்.

"அது நல்லா கீதுடி. முட்டியப் புடி."

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். முட்டிக்கு நான் டாக்டர் இல்லை என்றார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். மற்றவர்களுடைய நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தள்ளுகிற ரத்தத்தை, இவருடைய நெஞ்சு நிறுத்தி நிதானமாக ஒரே தடவையில் தள்ளிவிடுகிறது. அதனால் அதற்கு அவசரம் இல்லை.

என் நெஞ்சும் நடுவில்தான் ஆடுகிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன். அந்தக் கல்கத்தாக்காரர் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது ஸ்டேஷனில் மூன்று பேரும் போண்டா வாங்கித் தின்றோம். அந்த மாதிரிப் போண்டா அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மூர்த்தி மட்டும் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் பல வருஷம் கால்பந்து ஆடியவர் என்று எழுதியிருந்தது. எழுதாமல் விட முடியாது, அதுதான் காரணமே என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார்.

மொட்டைத் தலை போட்டோ

கம்பெனி டாக்டர் கடுதாசியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அந்த அரிவாள்?"

"அது அரிவாள் இல்ல சார். கோவாக்காரன்."

இன்னொரு தடவை உட்கார்ந்து எழச் சொன்னார். டிரெட்மில்லில் ஓடியதால் வந்த முட்டி வீக்கம் இன்னும் இறங்கவில்லை. உட்கார்ந்தேன். எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கும் முருகனுக்கும் தெரியும். இப்போது பல்லைக் கடிப்பதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, பேனாவை மூடவில்லை.

"வலிக்குதுதானே. நிப்பீங்களா?"

"சார், இந்த முட்டியோட மலப்புறத்துல ஒரு சீசன் ஆடினேன். உங்க லைன் என்னைத் தள்ளிவிடுமா, குறுக்க கால் போடுமா? நிக்கறதுதானே."

கையெழுத்துப் போட்டுவிட்டார். வெளியே வந்ததும் மூர்த்தி என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளத்தையும் விடாமல் பறந்தான். எனக்கு ஆனந்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டையில் முடி இறக்கினேன். கத்தி பட்டதும் பிடரியில் காற்று குளிர்ந்தது. சந்தனம் தடவிய தலையோடு திங்கட்கிழமை போனால், அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார்கள். அந்தக் கம்பெனியில் இருந்த காலம் முழுவதும் என் கழுத்தில் அந்த மொட்டைத் தலைதான் தொங்கியது. லைனில் இருந்த பையன்கள் மலப்புறத்தில் என் முடியைச் சொல்லிக் கத்தினார்கள் என்றால் நம்பவே மாட்டார்கள்.

அங்கே நின்று சம்பாதித்துத்தான் என் பெண்ணைப் படிக்கவைத்தேன். ஊரில் பாதிப்பேர் நிலத்தை மனைக்கு விற்றபோது நான் அப்பா விட்டுப்போன துண்டு நிலத்தை விற்காமல் வைத்திருந்து, பிற்பாடு அதில் பச்சைச் செயற்கைப் புல் விரிப்புப் போட்டு, விளக்கு மாட்டி, மைதானமாக்கினேன். இன்றைக்கு ஷிப்ட் முடித்த டீம்கள் ஆட வரிசையில் நிற்கின்றன. ஏகாம்பரம் கிரவுண்ட் என்றால் ஷேர் ஆட்டோக்காரன் வாசலில் இறக்கிவிடுவான்.

போன பொங்கலுக்கு மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். நெஞ்சுத் துடிப்பையெல்லாம் அதுவே பார்த்துச் சொல்லுமாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தேன். கை நடுங்குகிற மாதிரி அது அதிர்ந்தது. துடிப்பு குறைவாக இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்று எழுத்து ஓடியது. மகளின் போனுக்கும் அதே செய்தி போய், அவள் பதறிக்கொண்டு கூப்பிட்டாள்.

செல்வி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பழைய மாதிரியே என் நெஞ்சில் கை வைத்தாள். ஒன்று வந்தது. அடுத்தது வரும் வரை காத்திருந்தாள். இப்போது அவள் முகம் மாறவில்லை.

"ஒண்ணும் இல்லடி," என்று போனில் சொன்னாள். "உங்கப்பா நெஞ்சுக்கு எப்பவும் அவசரமே கெடையாது. அந்தக் கடியாரத்துக்கு அவரு ஆட்டம் தெரியாது."

கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, என்னைத் தூங்கச் சொல்லி மின்விசிறியைக் கூட்டிவிட்டுப் போனாள்.